பூங்கா நிழற்கூரைகள்: எந்த வகைக்குப் பணம் கேட்கலாம்?

சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நகராட்சிப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். சறுக்குமரம் காலியாக இருக்கும். தகரச் சறுக்கில் கை வைக்க முடியாது, ரப்பர் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. பூங்காவுக்கென்று கேட்டு வாங்கும் பணம் புது ஊஞ்சலுக்கும் சுவர் ஓவியத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் போய்விடுகிறது. நிழலுக்காகக் கேட்பவர்கள் குறைவு. கேட்டு வாங்கிக் கட்டிய இடங்களிலும், இரண்டாவது மழைக்காலம் முடியும்போது நான்கு கம்பமும் அதில் தொங்கும் ஒரு கிழிசலும்தான் மிஞ்சுகின்றன.

சந்தையில் கிடைக்கும் நிழற்கூரை வகைகளைப் பொதுப் பூங்கா என்ற ஒரே அளவுகோலில் வைத்து இங்கே மதிப்பிடுகிறோம். மொட்டைமாடிக்கும் கார் நிறுத்தத்துக்கும் நன்றாக உழைக்கும் பொருள் பூங்காவில் உழைக்காமல் போகலாம். வீட்டில் காற்று அடித்தால் ஓடிப்போய் அவிழ்க்க ஆள் இருக்கிறது, பூங்காவில் இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சிறிய, நடுத்தரப் பூங்காக்களுக்கு இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய பின்னல் துணிக் கூரைதான் எங்கள் தேர்வு. எந்த வகையை எடுத்தாலும் கம்பத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் கொடுக்கும் பணத்தைக் குறைக்காதீர்கள். துணியை மாற்றிக்கொள்ளலாம், சாய்ந்த கம்பத்தை மாற்ற மறுபடி முழு எஸ்டிமேட் போட வேண்டும்.

நிழலுக்கு இரண்டு வேலை உண்டு: புற ஊதாக் கதிரைத் தடுப்பது, சூட்டைக் குறைப்பது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் தவறான பொருளை வாங்குகிறோம். உலக சுகாதார அமைப்பின் புற ஊதாக் குறியீட்டில் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. 11-ஐத் தொட்டால் அதிதீவிரம். தமிழ்நாட்டில் மேகமில்லாத கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது வழக்கம்தான். "நம் தோலுக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று ஒரு பேச்சு உண்டு. கருத்த தோலில் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்புரைக்கு வெயிலின் புற ஊதாவும் ஒரு காரணம். சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. நிதி கேட்கும் மனுவில் முதல் பத்தியிலேயே இதைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது, நிழல் எங்கே விழும் என்பது. வரைபடத்தில் சறுக்குமரத்துக்கு நேர் மேலே கூரை போட்டுவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 நாட்களை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அப்போது அந்த வரைபடம் சரி. ஆனால் அந்த நேரத்தில் குழந்தைகள் பூங்காவில் இருப்பதில்லை, மூன்று மணிக்கு மேல்தான் வருகிறார்கள். மே மாதத்தில் 10 அடி உயரக் கூரையின் நிழல் 3 மணிக்குச் சுமார் 9 அடி கிழக்கே தள்ளி விழும். 4 மணிக்கு அது 14 அடி, 5 மணிக்கு 25 அடிக்கும் மேல். அதாவது 20 அடி அகலக் கூரையின் நிழல் 5 மணிக்குக் கம்பங்களுக்கு நடுவில் இருக்காது. கிழக்குப் பக்கப் புல்தரையில் கிடக்கும். கூரையைச் சறுக்குமரத்துக்கு 8 முதல் 10 அடி மேற்கே தள்ளிப் போடுவது ஒரு வழி. மேற்கு ஓரத்தைத் தாழ்த்தி, அந்தப் பக்கம் மட்டும் செங்குத்தாக ஒரு வலை கட்டுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் கூடுதல் செலவு மிகக் குறைவு. வரைபடம் கொண்டுவரும் ஒப்பந்ததாரரிடம் "மே மாதம் 4 மணிக்கு நிழல் எங்கே விழும், கோடு போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

உயரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. அதனால் சிறிய கூரையை 15 அடி உயரத்தில் மாட்டினால் நேர் வெயில் மறையும், ஓரமெல்லாம் வானம் திறந்தே கிடக்கும். பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள்: கண்ணுக்கு எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு கதிர் உள்ளே வருகிறது. பொதுவாக 9 முதல் 10 அடி உயரமும், விளையாட்டுச் சாமானைத் தாண்டி நான்கு பக்கமும் குறைந்தது 3 அடி வெளிநீட்டமும் நல்ல அளவு.

இனிப் பொருள்கள்.

பச்சை வலை. நாற்றங்காலுக்குப் போடும் அதே ஷேட் நெட். 2024 கோடையில் புதுச்சேரி, சென்னை சிக்னல்களில் இருசக்கர வாகனக்காரர்களுக்காகக் கட்டியதும் இந்த வகைதான். அந்த வேலைக்கு அது மிகச் சரியான பொருள். மூங்கிலோ குழாயோ நட்டு ஒரே நாளில் கட்டலாம், ஜூன் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். பூங்காவில் நிரந்தரக் கூரையாக இதைக் கட்டினால் கம்பி உரசும் இடத்தில் முதலில் கிழியும், பிறகு முழுவதும் நூல் நூலாகப் போகும். உதிரும் பிளாஸ்டிக் தூள் மண்ணில் விழுந்து குழந்தைகளின் கையில் ஒட்டும். வலையில் போட்டிருக்கும் 50, 75, 90 என்ற சதவீதத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்ற கணக்கு. புற ஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். விவசாய நிழல்வலைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 16008 பயிருக்காக எழுதியது. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 4174 தரத்தில் புற ஊதாத் தடுப்பைத் தனியாக அளந்து காட்டுகிறார்கள். விற்பவரிடம் அந்தச் சோதனைத் தாள் இருக்கிறதா என்று கேட்கலாம். எங்கள் மதிப்பீடு: மூன்று மாதத்துக்கு நல்ல பொருள். அதற்கு மேல் வேண்டாம், நிதி கேட்கவும் வேண்டாம். வார்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிவிடலாம்.

பாய்த்துணி, கடைக்காரர்கள் சொல்லும் ஷேட் செயில். மூன்று அல்லது நான்கு முனைகளில் இழுத்துக் கட்டும் துணி. படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும் என்பதால் நிதி கொடுப்பவர்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பூங்காவுக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது அளவு. பாய்த்துணியின் ஓரம் நேர்க்கோடாக இருக்க முடியாது. இறுக்கம் சீராகப் பரவ, ஒவ்வொரு ஓரமும் உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வளைவு, ஓர நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. கம்பத்துக்குக் கம்பம் 20 அடி என்றால் ஓரத்தின் நடுவில் 2 அடி உள்ளே போகும். நான்கு பக்கமும் கழித்தால் 400 சதுர அடியில் மிஞ்சுவது சுமார் 290 சதுர அடி. முனைகளில் டர்ன்பக்கிளும் (இறுக்கும் திருகு) ஷேக்கிளும் (இணைப்பு வளையம்) பிடிக்கும் இடம் இன்னும் ஓர் அடி போகும். கொட்டேஷனில் 400 என்று இருந்தால் அது கம்பத்துக்கு நடுவில் உள்ள நிலத்தின் அளவு. துணியின் அளவைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வளைவே இல்லாமல் நேராக வெட்டித் தருகிறேன் என்பவர் தரும் துணி, முதல் காற்றிலேயே ஓரம் படபடத்து அடித்துக்கொள்ளும். பாய்த்துணியைக் கொல்வது இழுவிசையைவிட இந்தப் படபடப்புதான்.

இரண்டாவது தையல். நல்ல பின்னல் துணிக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதைத் தைத்த சாதாரண பாலியெஸ்டர் நூல் நம் வெயிலில் இரண்டு, மூன்று ஆண்டிலேயே இற்றுப்போகும். துணி நன்றாக இருக்கும்போதே மடிப்பு பிரிந்து, ஓரக் கம்பி வெளியே வந்து தொங்கும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது. விலை பல மடங்கு அதிகம். ஆனாலும் ஒரு பாய்த்துணிக்குத் தேவைப்படும் நூல் கொஞ்சம்தான் என்பதால் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. உத்தரவாதத் தாளில் "துணிக்கு" என்று இருக்கிறதா, "துணிக்கும் தையலுக்கும்" என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் துணிக்கு மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவது இரும்புச் சாமான்கள். உள்மாவட்டங்களில் 304 ரக எவர்சில்வர் போதும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 316 ரகம்தான் வேண்டும். 304-இல் ஓராண்டுக்குள் தேநீர்க் கறை போலப் பழுப்பு வரும், பிறகு குழி விழும். எவர்சில்வர் மரையோடு எவர்சில்வர் மரை உரசினால் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவாமல் விட்டால், இறக்க வேண்டிய நாளில் டர்ன்பக்கிளை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் எவர்சில்வர் காணாமலும் போகும். தாழ்ந்த முனைகூட 8 அடிக்கு மேலே இருக்கட்டும். குழந்தைகள் பிடித்துத் தொங்காமல் இருக்கவும் அந்த உயரம் வேண்டும்.

மாட்டியபின் மூன்று, நான்கு வாரத்தில் துணி கொஞ்சம் தளரும். அப்போது ஒரு முறை எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இதைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாக எழுதி வாங்காவிட்டால் யாரும் திரும்பி வர மாட்டார்கள். எங்கள் மதிப்பீடு: பராமரிக்கத் தனி ஆள் வைத்திருக்கும் பெரிய பூங்காவுக்குச் சரி. வார்டுப் பூங்காவுக்கு வேண்டாம்.

சட்டக் கூரை. நான்கு கம்பம், மேலே குழாயில் கூடாரம்போல நான்கு பக்கச் சரிவுச் சட்டம், அதன் மேல் பின்னல் துணி. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இழுவிசையைச் சட்டம் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் கம்பங்கள் உள்நோக்கி இழுபடுவதில்லை; ஓர வளைவு தேவையில்லாததால் 400 சதுர அடி என்றால் ஏறக்குறைய 400 சதுர அடி நிழலும் கிடைக்கும். உள்ளூர் வெல்டிங் பட்டறையே சட்டத்தைச் செய்துவிடும், துணி கிழிந்தால் துணியை மட்டும் மாற்றலாம். பின்னல் துணி என்பதால் மழைநீர் தேங்காமல் ஒழுகிவிடும், மேலே தங்கும் சூடான காற்றும் துளை வழியே வெளியேறிவிடும். கூரைக்குக் கீழே புழுக்கம் இருக்காது.

சட்டக் கூரைக்குத் துணி வாங்கும்போது எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலித்தீன்) பின்னல் என்று குறிப்பிடுங்கள். நெய்த வகையில் ஓர் ஓட்டை விழுந்தால் இழை பிரிந்துகொண்டே போகும், பின்னலில் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பட்டாசு ராக்கெட் விழும் ஊரில் இது முக்கியம். கனம் சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரே துணியில் அடர்ந்த நிறம் வெளிர் நிறத்தைவிடப் புற ஊதாவை அதிகம் தடுக்கும், கண் கூச்சமும் குறையும். மஞ்சள், வெள்ளை கேட்கும் நிதி தருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த வகையில் கெடும் இடம் ஒன்றுதான்: துணி குழாயோடு உரசும் விளிம்பு. குழாயின் மேல் நேரடியாகத் துணியை இழுத்துப் பிளாஸ்டிக் டேகால் கட்டிவிட்டுப் போகிறார்கள். டேக் ஓராண்டில் ஒடியும். விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே வயர் ரோப் ஓட்டி, அந்த ரோப்பைச் சட்டத்தில் உள்ள கொக்கிகளில் மாட்டினால் உரசல் குறையும், கழற்றுவதும் சுலபம். மேலே வெல்டிங் பிசிறுகளைக் கிரைண்டரில் வழவழப்பாக்கி, உச்சி முனையில் துணிக்கு இரட்டைப் பட்டை வைக்க வேண்டும். எங்கள் மதிப்பீடு: முதல் இடம்.

பிவிசி பூசிய டென்சைல் துணி, அதாவது பிளாஸ்டிக் பூசி, இழுத்துக் கட்டும் துளையில்லாத துணி. புற ஊதாவை முழுவதும் தடுக்கும், மழைக்கும் ஒதுங்கலாம். மேலே பிவிடிஎஃப் என்ற பாதுகாப்புப் பூச்சு இருந்தால் அழுக்கு சீக்கிரம் ஒட்டாது. காற்று துளி கூட ஊடுருவாததால் கம்பத்துக்கு வரும் விசை அதிகம். சரிவு போதாமல் போனால் மழைநீர் குளம் கட்டி, அந்த எடையிலேயே துணி நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். வடிவமைப்பாளர் இல்லாமல் செய்யக் கூடாத வேலை. திறந்தவெளி அரங்குக்கும் பூங்கா நுழைவாயிலுக்கும் பொருந்தும். விளையாட்டுத் திடலுக்குத் தேவையில்லாத செலவு.

பாலிகார்பனேட் தகடு. வெளிச்சம் வரும், புற ஊதா வராது என்று விற்கிறார்கள்; அது உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்தோடு வெப்பமும் வருகிறது. மே மாதத்தில் கீழே நிற்பவருக்கு அது கண்ணாடிப் பெட்டிதான். புற ஊதாப் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் எந்தப் பக்கம் வெளியே என்று அச்சிட்டிருப்பார்கள். படலத்தைக் கீழேயே உரித்துப் போட்டுவிட்டு ஏற்றினால் தலைகீழாகப் போய்விடும், சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். வெயிலில் நீளும் பொருள் வேறு: 6 மீட்டர் தகடு, 40 டிகிரி மாற்றத்தில் சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். திருகு ஓட்டையைப் பெரிதாகப் போடாவிட்டால் திருகைச் சுற்றி விரிசல் விழும். விளையாட்டுத் திடலுக்கு நாங்கள் பரிந்துரைக்கவில்லை. சாதாரண வண்ணத் தகட்டுக் கூரை, பெற்றோர் உட்காரும் பெஞ்சுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போதும். மேல்பக்கம் வெள்ளையாகவும் உச்சியில் காற்றுப் போக இடைவெளியோடும் இருக்கட்டும்.

மரத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடக் கூடாது. புங்கன் நிழல் போல எந்தத் துணியும் குளிர்ச்சி தராது. இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கும், துணி அதைச் செய்யாது. வேம்பு, பூவரசு, நாவல் எல்லாம் நல்லவை, ஆனால் நாவல் பழம் விழுந்து தரை வழுக்கும் என்பதால் சறுக்குமரத்துக்குத் தள்ளி நட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களை நினைத்துக்கொண்டு, மென்மரங்களை விளையாட்டுத் திடல் அருகில் தவிர்ப்பது நல்லது. கூரை போடும் அதே எஸ்டிமேட்டில் மேற்குப் பக்கம் நான்கு புங்கன் கன்று, கூண்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி என்று ஒரு வரி சேருங்கள். முதல் துணி ஆயுள் முடியும்போது மரம் தலைதூக்கியிருக்கும்.

அஸ்திவாரம். இங்கேதான் பெரும்பாலான வேலைகள் தோற்கின்றன, மண்ணுக்குள் போய்விடுவதால் யாரும் பார்ப்பதும் இல்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் அடிப்படை வேகம் கொடுக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும். சென்னையில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், கிட்டத்தட்ட 150 கிலோ எடை. 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஐந்தரை டன்னுக்கு மேல். மதுரையில் மூன்றரை டன். கூரையின் வடிவம், துணியின் துளை, சுற்றியுள்ள கட்டடங்கள் இவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். பொறியாளர்தான் இறுதிக் கணக்குப் போட வேண்டும். ஆனால் எந்த அளவிலான விசை என்பது புரிந்திருக்கும்.

இப்போது வழக்கமாகத் தோண்டும் இரண்டடிக் குழியைப் பாருங்கள். 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி கான்கிரீட்டின் எடை சுமார் 545 கிலோ. நான்கும் சேர்ந்தால் 2.2 டன். துணியைக் கழற்றாமல் விட்ட கூரை, புயலில் அஸ்திவாரத்தோடு பிடுங்கிக்கொண்டு வருவதற்கு இதுதான் காரணம். 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 2.4 டன். களிமண், கடற்கரை மணல், குப்பை நிரப்பிய நிலம் என்று மண்ணுக்கேற்ப இது இன்னும் மாறும். பாய்த்துணி என்றால் கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் சேரும். அதற்காகத்தான் கம்பத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நடுகிறார்கள்.

குழாய் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு சிறு குறிப்பு: ஐஎஸ் 1239 குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. 20 அடிச் சட்டக் கூரைக்கு 4 அங்குல மீடியம் குழாய், 4.5 மில்லிமீட்டர் தடிமன், தொடக்கப் புள்ளி. துத்தநாக முலாம், வெட்டி வெல்டிங் செய்து முடித்த பிறகு ஐஎஸ் 4759-இன்படி முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். முலாம் பூசிய குழாயை வாங்கி வந்து பூங்காவிலேயே வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். தவிர்க்க முடியாத இடத்தில் துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் இரண்டு கை. கம்பம் இற்றுப்போவது எப்போதும் மண் மட்டத்தில்தான். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 3, 4 அங்குலம் உயர்த்தி, தண்ணீர் வழிய வெளிப்பக்கம் சரித்துப் பூசுங்கள். விளையாட்டுச் சாமானிலிருந்து 6 அடிக்குள் கம்பம் வரக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதன் தொங்கு உயரத்தைப் போல இரு மடங்கு இடம் விட வேண்டும். இடமில்லை என்றால் கம்பத்துக்குக் கெட்டியான நுரை உறை போடலாம். ஆனால் தள்ளி நடுவதுதான் சரி.

பணத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் தோல் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மட்டாலஜி 2000-ஆம் ஆண்டு முதல் நிழற்கூரைக்கென்றே மானியம் கொடுத்து வருகிறது. ஓரிடத்துக்கு 8,000 டாலர் வரை. கூரை நிரந்தரமாக இருக்க வேண்டும், குழந்தைகள் கூடும் இடமாக இருக்க வேண்டும், சங்க உறுப்பினரான தோல் மருத்துவர் ஒருவர் விண்ணப்பத்துக்கு ஆதரவு தர வேண்டும். அங்கே வெயில் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மருத்துவரைச் சேர்ப்பது நல்ல யோசனை. நம் மனுவிலும் பக்கத்து அரசு மருத்துவமனைக் கண் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் அது "அழகுபடுத்தும் வேலை" என்ற தலைப்பிலிருந்து வெளியே வந்துவிடும்.

இங்கே நான்கு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டும் நிலையான சொத்து உருவாக்கும் வேலைகளுக்கானவை. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் வழியாக வேலை நடக்கும். எனவே "துணி" என்று எழுதாதீர்கள். "அஸ்திவாரத்துடன் கூடிய இரும்புச் சட்ட நிழற்கூரை" என்று எழுதுங்கள், அதுதான் உண்மையும். உள்ளாட்சி அமைப்பு பராமரிப்பை ஏற்கும் கடிதத்தை முன்பே வாங்கி இணைத்தால் கோப்பு திரும்பி வராது.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. குடியிருப்போர் சங்கம் வலுவாக உள்ள பகுதிக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. பணம் போட்டவர்கள் வேலை நடக்கும்போது வந்து நின்று குழி ஆழத்தை அளப்பார்கள்.

நான்காவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். நீங்கள் அறக்கட்டளை வழியாகப் போனால் அதற்கு நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்க வேண்டும். உருவாகும் சொத்து நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது; மாநகராட்சி, நகராட்சி பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர்ப்பலகை எங்கே, எவ்வளவு பெரிது என்பதையும் ஒப்பந்தத்திலேயே முடித்துவிட வேண்டும். கம்பங்களுக்கு நடுவில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர், கம்பம் தாங்க வேண்டிய காற்றுப் பரப்பைக் கூட்டிவிடும். அது கட்சி பேனர், கோயில் திருவிழா பேனர், நிறுவன பேனர் எதுவானாலும் கட்டக் கூடாது என்று ஒரு வரி வேண்டும்.

இந்த நான்கிலும் பொதுவாக உள்ள குறை ஒன்றுதான்: கட்டப் பணம் வரும், காக்கப் பணம் வராது. அதை எஸ்டிமேட்டுக்குள் கொண்டுவரும் வழிகள் உண்டு. அளவெடுத்துத் தைத்த இரண்டாவது துணி ஒன்றை முதல் நாளே வாங்கி உள்ளாட்சிக் கிடங்கில் வைக்கலாம். ஒப்பந்ததாரருக்கு மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் வேலையின் பகுதியாக்கி, தொகையில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து ஆண்டுதோறும் விடுவிக்கலாம். கொட்டேஷன் மூன்று வாங்கும்போது எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொல்கிறார்களா என்று பாருங்கள்: துணியின் கிராம் எடை, நூலின் வகை, குழாயின் விட்டமும் தடிமனும், முலாம் எப்போது, குழியின் அளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா. இந்த ஆறும் இல்லாத கொட்டேஷன்களில் மிகக் குறைந்த விலை எப்போதும் குழியைச் சுருக்கியவருடையதாக இருக்கும். கான்கிரீட் ஊற்றும் முன் குழியில் அளவுப் பட்டியை வைத்துப் படம் எடுத்து பில்லோடு இணைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆண்டு வேலை சிறிதுதான். பிப்ரவரி கடைசியில் துணியை மாட்டி இறுக்குவது, மரைகளுக்கு கிரீஸ், தையலை விரலால் இழுத்துப் பார்ப்பது. ஜூன், ஜூலையில் ஒரு முறை தண்ணீரும் லேசான சோப்பும் கொண்டு கழுவுவது. மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் துணியில் படக் கூடாது. அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கும் தீபாவளிக்கும் முன், துணியை இறக்குவது. பழகிய இரண்டு பேர், ஓர் ஏணி, ஒரு காலை நேரம் போதும். இறக்கிய துணியைக் காயவைத்து, மூலைகளுக்கு "வடமேற்கு", "தென்கிழக்கு" என்று அழியாத மையில் எழுதிய துண்டுகளைத் தைத்து, எலி புகாத டிரம்மில் வைக்கவும். மூலை மாறி மாட்டிய துணி எவ்வளவு இறுக்கினாலும் சுருக்கம் போகாது, அந்தச் சுருக்கத்தில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும்.